பார்ட்டி பெயர் வாயில் வர மறுக்கிறது

கேள்வி: வயது 41. ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். பள்ளி நாளிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரை தவறாமல் சாப்பிடுவதால் கை கால் இழுத்து விழுந்து வருடங்கள் ஆகின்றன. ஆனால் டோபிராமேட் மாத்திரையைச் சேர்த்த பிறகு, தினமும் பேசும் பார்ட்டியின் பெயரே வாயில் வருவதில்லை. முதலாளி காலையில் சொன்னது மதியம் ஞாபகம் இல்லை. சில நேரம் நான் எங்கேயோ வெறித்தபடி சட்டைப் பித்தானைத் திருகுகிறேனாம், சப்புக்கொட்டுகிறேனாம். "ஏனுங்க, கூப்பிடறது காதுல விழலீங்களா?" என்கிறாள் மனைவி. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூளை தேய்கிறதா? வல்லாரை சாப்பிடலாமா?
- பெயர் வேண்டாம், ஈரோடு.

பதில்: உங்கள் கடிதத்திலேயே முக்கியமான தகவல் மனைவி சொன்னதுதான். அதுவும் வலிப்பாகத்தான் தெரிகிறது. கை கால் இழுத்தால்தான் வலிப்பு என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள பொட்டுக்கு உட்புறம் இருக்கும் மூளையின் டெம்போரல் பகுதியில் கிளம்பும் வலிப்பு இப்படித்தான் ஒன்றிரண்டு நிமிடம் வந்து போகும், வந்தவருக்கே தெரியாது. புது விஷயங்களைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் இருப்பதும் அங்கேதான். அந்த நேரம் முதலாளி பேசியது உங்களுக்குள் ஏறியே இருக்காது. பேரேட்டில் ஏற்றாத பில்லை அப்புறம் எந்தப் பக்கம் புரட்டினாலும் கிடைக்காதே! தூக்கத்தில் வலிப்பு வந்தாலும் பகலில் படித்தது, கேட்டது சரியாகத் தங்காது.

பெயர் வராதது வேறு கதை. டோபிராமேட் சாப்பிடுகிற சிலருக்குத் தெரிந்த சொல்லே சட்டென்று வராது, யோசனையும் மந்தமாகும். அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்த முறை மனைவியையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அந்த வெறித்த பார்வையை செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அரை நிமிட வீடியோ போதும். எங்களைப் போன்ற டாக்டர்களுக்கு அது பத்துப் பக்கக் கடிதத்தைவிட உதவும். இஇஜி (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை), எம்ஆர்ஐ ஸ்கேன், நினைவாற்றல் பரிசோதனை மூன்றையும் கேளுங்கள். மனச்சோர்வு, தூக்கக் குறைவு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அவையும் ஞாபகத்தைக் கெடுக்கும்.

மூளை தேய்கிறதா என்பதற்குக் கடிதத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. சிலருக்கு ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருக்கும், எம்ஆர்ஐயில் தெரியும். பொருத்தமான இரண்டு மருந்துகளுக்கும் வலிப்பு அடங்காவிட்டால் அறுவை சிகிச்சையை யோசிப்பார்கள். 1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹென்றி மொலைசன் என்ற நோயாளிக்கு இரண்டு பக்க ஹிப்போகாம்பஸிலும் முன்பகுதியை எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-ல் இறக்கும்வரை, புதிதாகச் சந்தித்த ஆளைச் சில நிமிடங்களில் மறந்துவிடுவார். அதனால்தான் இப்போது ஒரு பக்கம் மட்டும், அதுவும் நினைவாற்றலைச் சோதித்த பிறகே கை வைக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் வலிப்புக்கான அறுவை சிகிச்சை நடக்கிறது.

வல்லாரையைத் துவையலாகச் சாப்பிடுங்கள், தப்பில்லை. லேகியம், கேப்ஸ்யூல் என்றால் உங்கள் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கடைக்கு எதில் போகிறீர்கள் என்று எழுதவில்லை. பைக் என்றால், டாக்டர் சரி என்று சொல்லும்வரை சாவி மனைவியிடம் இருக்கட்டும், பஸ்ஸில் போங்கள்.