வயது ஏறிய பின் எந்த அணி? – வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், 40 வயதில் முதன்முறையாகக் கோப்பையை ஏந்திய ஐஸ் ஹாக்கி வீரர் ரே பூர்க்கைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தையே சுற்றி வந்ததால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடிய அணியை விட்டு விலகிப் பூர்க் கோப்பை வென்றது சரியென்றால், வயதான ஆட்டக்காரர்கள் அனைவரும் வலுவான அணியைத் தேடிப் போவதுதானே புத்திசாலித்தனம்? பெஞ்சில் உட்கார்ந்து வென்றாலும் கோப்பை கோப்பைதானே?
(ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்)

பதில்: பூர்க்கின் கதையை அப்படிப் படித்தால் அதில் பாதி விடுபட்டுப் போகும். பாஸ்டன் அணிக்காக 21 சீசன்கள் ஆடி, 1988-லும் 1990-லும் இறுதித் தொடர் வரை சென்று தோற்ற அவர், 2000 மார்ச்சில் கொலராடோ அணிக்கு மாறினார். 2001 ஜூனில் அந்த அணி, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகின் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, வழக்கப்படி கோப்பையை முதலில் உயர்த்திக் காட்ட வேண்டிய அணித்தலைவர் ஜோ சாக்கிக், அதைத் தன் தலைக்கு மேல் தூக்காமலேயே பூர்க்கின் கைகளில் கொடுத்துவிட்டார். அந்தக் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த சீசனில் பூர்க் 80 ஆட்டங்களில் ஆடினார் என்பதும், தற்காப்பு வரிசையில் அணி பெரிதும் நம்பியிருந்தவர்களில் அவர் ஒருவர் என்பதும் பலருக்கு மறந்துவிட்டது. அவர் வலுவான அணிக்குத்தான் போனார். ஆனால் உட்காருவதற்காகப் போகவில்லை. ஆடும் நேரமா, வெற்றியா என்று திண்டாட வேண்டிய நிலைமை அவருக்கு வரவே இல்லை.

கூடைப்பந்தில் கார்ல் மலோனுக்கு நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். யூட்டா அணியில் 18 சீசன்கள் ஆடி, 1997, 1998 ஆகிய இரண்டு இறுதித் தொடர்களிலும் சிகாகோவிடம் தோற்ற மலோன், 2003-ல் தன் 40-வது வயதில், முந்தைய சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத தொகைக்கு லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸில் சேர்ந்தார். ஷாக்கில் ஓ'நீலும் கோபி பிரையண்டும் ஏற்கெனவே இருந்த அணி அது; கேரி பேட்டனும் அதே கோடையில் அங்கே வந்து சேர்ந்திருந்தார். கோப்பையில் பெயர் பொறிப்பதுதான் பாக்கி என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது. அதுவரை காயத்துக்காக ஆட்டத்தைத் தவறவிட்டதே அபூர்வம் என்று பெயர் வாங்கியிருந்த மலோன், அந்த ஒரே சீசனில் முழங்கால் காயத்தால் ஏறக்குறைய பாதி ஆட்டங்களை இழந்தார். 2004 இறுதித் தொடரில் லேக்கர்ஸ் 4–1 எனத் தோற்றது. கடைசி ஆட்டத்தில் மலோன் களமிறங்கக்கூட இல்லை. ஒரு சாம்பியன் பட்டமும் இல்லாமலேயே அவர் ஓய்வு பெற்றார்.

உங்கள் கேள்வியில் இருக்கும் சிக்கல் இதுதான். வயதான ஆட்டக்காரர் ஒருவர் ஆடும் நேரத்தைக் கேட்டுப் பேரம் பேசலாம். பயிற்சியாளரின் கண்ணைப் பார்த்து, எத்தனை நிமிடம் என்று கேட்டு ஓரளவு நம்பகமான பதிலைப் பெறலாம். கோப்பையை அப்படி யாரிடமும் கேட்க முடியாது. முப்பது அணிகள் உள்ள லீகில் ஆண்டுதோறும் இருபத்தொன்பது அணிகள் வெறுங்கையோடுதான் திரும்புகின்றன. அவற்றில் நாலைந்து, சீசன் தொடங்கும்போது நிச்சயம் வெல்லும் என்று எழுதப்பட்டவை. ஆகவே நேரத்தை விட்டுக்கொடுத்து வெற்றியை வாங்குகிறோம் என்று நினைப்பவர், கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு ஒரு லாட்டரிச் சீட்டை வாங்குகிறார்.

சீட்டு விழுவதும் உண்டு. மலோனோடு தோற்ற அதே பேட்டன் பிறகு மயாமி அணிக்குப் போய், பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே இருந்து, 2006-ல் தன் 37-வது வயதில் பட்டம் வென்றார். அந்த இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, கடைசிப் பத்து நொடிகளுக்குள் அவர் எறிந்த பந்துதான் மயாமியை முன்னிலைக்குக் கொண்டுவந்தது. இப்படி ஒரு தருணம் கிடைத்தவரிடம் போய் 'நீ உட்கார்ந்துதானே வென்றாய்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கேள்வி: ஒரு ஆட்டத்திலும் இறங்காதவருக்கும் வெற்றிப் பதக்கம் உண்டா?
(கல்லூரி மாணவி)

பதில்: லீகுக்கு லீக் மாறுகிறது. இங்கிலாந்தின் கால்பந்து பிரீமியர் லீகில், சீசனின் 38 ஆட்டங்களில் குறைந்தது 5 ஆட்டங்களில் களமிறங்கியவருக்குப் பதக்கம் உறுதி. முன்பு 10 ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது, 2012–13 சீசனில்தான் குறைத்தார்கள். ஸ்டான்லி கோப்பையில் பெயர் பொறிக்கப்பட வேண்டுமானால், சீசனின் ஆட்டங்களில் பாதியிலாவது, அல்லது இறுதித் தொடரின் ஓர் ஆட்டத்திலாவது ஆடியிருக்க வேண்டும் என்பது பொது விதி. கோப்பை கோப்பைதான் என்று வாதிடுபவர்கள் கவனிக்க: கோப்பையைக் கொடுப்பவர்களே 'ஆடினாயா?' என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கிறார்கள்.

கேள்வி: இளையவர்களுக்கு வழிகாட்டியாக அணியிலேயே இருந்துவிடுவது உயர்ந்த செயல் அல்லவா? அதை ஏன் யாரும் பேசுவதில்லை?
(வாசகர்)

பதில்: பேசுகிறார்கள், சில நேரம் அளவுக்கு மீறியே பேசுகிறார்கள். மயாமியின் யூடோனிஸ் ஹாஸ்லம் 20 சீசன்களையும் அதே அணியில் கழித்து, 2023-ல் 43 வயதில் ஓய்வு பெற்றார். கடைசிச் சில ஆண்டுகளில் அவர் அநேகமாக ஆடவே இல்லை. உடைமாற்றும் அறையில் அவர் சொல்லுக்கு இருந்த மதிப்புக்காகவே அணி அவரை வைத்திருந்தது. ஆனால் அதற்குள் மூன்று பட்டங்களை அவர் களத்தில் நின்றே வென்றிருந்தார் என்பதை மறக்கக் கூடாது. பசியாறியவர் பந்தி விசாரிப்பதற்கும், இன்னும் சாப்பிடாதவரை அந்த வேலைக்கு நிறுத்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆட வேண்டும் என்ற ஆசை தீராத ஒருவரை வழிகாட்டி என்று பட்டம் கட்டி உட்கார வைத்தால், ஆறு மாதத்தில் அந்த அறையே கசந்துபோகும்.

கேள்வி: பட்டம் கிடைக்காமலே, சாதாரண அணிகளில் ஆடிக்கொண்டே காலம் தள்ளுவதில் என்ன பெருமை இருக்கிறது?
(அதே மாணவியின் அண்ணன், கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார்)

பதில்: கூடைப்பந்தில் வின்ஸ் கார்ட்டர் 22 சீசன்கள் ஆடி, 2020-ல் 43 வயதில், பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த அட்லாண்டா அணியில் இருந்து ஓய்வு பெற்றார், பட்டம் ஒன்றும் இல்லை. கிறிஸ் பால் 2024-ல், 39 வயதில், பிளே ஆஃப் வாய்ப்பு உறுதியில்லாத சான் அன்டோனியோவின் இளம் அணியில் சேர்ந்து, அந்த சீசனின் 82 ஆட்டங்களிலும் தொடக்க ஐவரில் ஒருவராக இறங்கினார். அணி பிளே ஆஃபுக்குப் போகவில்லை. ஜப்பான் கால்பந்து வீரர் கசுயோஷி மியுராவோ, முதல் நிலை லீகில் இருந்த அணியில் மிகச் சொற்ப நிமிடங்களே கிடைத்ததால், 2022-ல், 55 வயதாகும் தறுவாயில், நான்காம் நிலை லீகில் இருந்த அணிக்கு இறங்கிப் போனார். அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அதில் கேலிக்குரியதாக ஒன்றும் தெரியவில்லை. பெருமைக்காக ஆடுகிறவர்கள் ஐந்தாறு ஆண்டுகளில் நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேலும் ஆடுகிறவர்களுக்கு ஆட்டம் பிடித்திருக்கிறது.

கேள்வி: நாட்டு அணியில் இருப்பவர் என்ன செய்வார்?
(வாசகர்)

பதில்: அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை, ஏனெனில் மாறிப் போக வேறு அணி கிடையாது, காத்திருக்கலாம், அல்லது விலகலாம். 106 டெஸ்டுகளில் 537 விக்கெட் எடுத்த ரவிச்சந்திரன் அஸ்வின், 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியத் தொடரின் முதல் மூன்று டெஸ்டுகளில் ஒன்றில் மட்டுமே ஆடியிருந்த நிலையில், தொடர் முடிவதற்கு முன்பே சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வை அறிவித்தார். கிளப் ஆட்டக்காரருக்கு இருக்கும் மூன்றாவது வாசல் அங்கே இல்லை.

கேள்வி: எனக்கு வயது 36. முதல் நிலைப் பிரிவில் பட்டத்துக்குப் போட்டியிடும் கால்பந்து அணியில் இரண்டாவது கோல்கீப்பராக இருக்கிறேன்; சென்ற சீசனில் ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. கீழ்ப் பிரிவு அணி ஒன்று எல்லா ஆட்டங்களிலும் ஆட வைப்பதாகச் சொல்லி அழைக்கிறது. சம்பளம் சற்றுக் குறைவு. இந்த ஆண்டு எங்கள் அணி பட்டம் வெல்லும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

பதில்: மற்ற இடங்களில் ஆடுபவர்களுக்குச் சொல்வதை உங்களுக்குச் சொல்ல முடியாது. கூடைப்பந்தில் பயிற்சியாளர் நினைத்தால் ஒரு மூத்தவருக்கு இரவுக்கு எட்டு நிமிடம் கொடுக்கலாம். கால்பந்திலும் முன்கள ஆட்டக்காரர் ஒருவர் கடைசி இருபது நிமிடத்துக்கு இறங்கி ஆட்டத்தையே மாற்றலாம். கோல்கீப்பருக்கு அந்த நடுவழி கிடையாது: ஒன்று 90 நிமிடம், இல்லையென்றால் பூஜ்யம். மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கையை ஐந்தாக உயர்த்தியபோதும் உங்கள் நிலைமை மாறவில்லை.

இரண்டாவது கோல்கீப்பரின் வேலையை நான் பலமுறை கம்பிக்கு அருகில் நின்று பார்த்திருக்கிறேன். ஆட்டத்துக்கு முன் அவர்தான் முதல் கோல்கீப்பருக்குப் பந்துகளை உதைத்துக் கொடுப்பார். தாழ்வாகப் பத்து, உயரமாகப் பத்து, ஓரத்திலிருந்து சில. பிறகு சிதறிய பந்துகளைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றாமல் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு உட்காருவார். ஆட்டம் முடியும்போது அந்தக் கையுறை பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். பயிற்சியில் உடலைக் கட்டாக வைத்துக்கொள்ளலாம், கையின் வேகத்தையும் காப்பாற்றலாம். ஆனால் கார்னர் பந்துக்கு வெளியே வருவதா, கோட்டிலேயே நிற்பதா என்று கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே அரை நொடியில் முடிவெடுக்கும் பழக்கத்தை ஆட்டம் மட்டுமே தரும். அது போய்விட்டால், நாளை முதல் கோல்கீப்பர் காயமடைந்து உங்களை இறக்கும்போது, உங்களுக்கும் அணிக்கும் ஒரே நேரத்தில் தெரியவரும்.

உங்களைப் போன்ற நிலையில் இருந்தவர்களில் இத்தாலிய கோல்கீப்பர் ஜான்லூயிஜி புஃபோன் இரண்டையும் செய்து பார்த்தவர். 2019-ல் யுவென்டஸ் அணிக்குத் திரும்பியபோது, வோய்சியெக் ஷ்செஸ்னிக்கு அடுத்த இடம்தான் தனக்கு என்று தெரிந்தே வந்தார். இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் உட்கார்ந்திருந்தார். ஆனால் லீகிலிருந்து தனியாக நடக்கும் இத்தாலியக் கோப்பை ஆட்டங்கள் அவருக்குக் கிடைத்தன, 2021 இறுதி ஆட்டத்தில் அவரே நின்று வென்றார். அதன் பிறகு 43 வயதில், 1995-ல் தான் அறிமுகமான பார்மா அணிக்கு, அது இரண்டாம் பிரிவில் இருந்தபோது, ஆடுவதற்காகப் போனார். 45 வயதில்தான் நிறுத்தினார். கோல்கீப்பர்களுக்கு ஓட்டம் குறைவு என்பதால் ஆயுள் கூடுதல். 36 என்பது முன்கள ஆட்டக்காரருக்கு அந்திப்பொழுது. உங்களுக்கு நல்ல பகல் இன்னும் இரண்டு மூன்று சீசன் மிச்சமிருக்கலாம்.

ஆகவே, இப்போதைய அணி கோப்பைப் போட்டிகளையாவது உங்களுக்கென்று ஒதுக்குமா என்று முதலில் பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். ஆம் என்று தெளிவாகச் சொன்னால் இன்னும் ஒரு சீசன் இருங்கள். 'பார்க்கலாம்' என்ற பதில் வந்தால் அதை இல்லை என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: அடுத்து கோல்கீப்பர் பயிற்சியாளராக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு உறுதியாக இருந்து, அணியும் அந்த வேலையை எழுத்தில் தரத் தயாராக இருந்தால், அந்த பெஞ்ச் உங்களுக்கு வகுப்பறை, அங்கேயே இருக்கலாம். சம்பளக் குறைவு குடும்பத்தை வருத்துமா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள், அதில் நான் தலையிடவில்லை. கீழ்ப் பிரிவு அணியிடமும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: முதல் மூன்று ஆட்டங்களில் தோற்றாலும் உங்களையே நிறுத்துவார்களா? அதற்கு அவர்கள் எவ்வளவு நேரம் யோசிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.