பிக்கப் ஹெட்: கேளுங்கள், சொல்கிறேன்

சிடி, டிவிடி, ப்ளூ-ரே பிளேயர்களில் தட்டை லேசரால் படிக்கும் பாகம்தான் பிக்கப் ஹெட். அதற்கு லென்ஸ் வடிவமைப்பதுதான் பல வருடமாக என் வேலை. லென்ஸ், லேசர், ஃபோகஸ் பற்றிக் கேளுங்கள். எந்த பிளேயர் வாங்கலாம் என்பதைக் கடைக்காரரிடம் கேட்பது நல்லது.

கேள்வி (இயற்பியல் மாணவர்): சிடியில் 700 எம்பி, ப்ளூ-ரேயில் 25 ஜிபி. நீல லேசர் வந்ததுதானே காரணம்?

பாதிக் காரணம் அதுதான். ஒளியை எவ்வளவு சின்னப் புள்ளியாகக் குவிக்கலாம் என்பது, அலைநீளத்தை என்.ஏ.வால் வகுத்தால் தெரிந்துவிடும். லென்ஸிலிருந்து ஒளிக்கூம்பு எவ்வளவு அகலமாக இறங்குகிறது என்பதன் அளவுதான் என்.ஏ. சிடிக்கு அலைநீளம் 780 நானோமீட்டர், என்.ஏ. 0.45. டிவிடிக்கு 650, 0.60. ப்ளூ-ரேக்கு 405, 0.85. டிவிடி புள்ளியோடு ஒப்பிட்டால் ப்ளூ-ரே புள்ளியின் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு. 4.7 ஜிபியை ஐந்தால் பெருக்குங்கள், 25க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சிடியிலிருந்து டிவிடிக்கு இந்தக் கணக்கு வராது. பரப்பில் லாபம் இரண்டரை மடங்குதான், கொள்ளளவோ ஏழு மடங்குக்குப் பக்கம். மீதியைத் தடங்களை இன்னும் நெருக்கி வைத்தும், குறியீட்டையும் பிழைதிருத்தத்தையும் மேம்படுத்தியும் பிடித்தார்கள்.

கேள்வி (அதே மாணவர்): அப்படியென்றால் என்.ஏ.வை ஏற்றிக்கொண்டே போகலாமே, சார்?

இதைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும். பிக்கப்பில் லென்ஸ் தனியாக வேலை செய்வதில்லை. தகவல் இருக்கும் அடுக்குக்கு மேலே உள்ள பிளாஸ்டிக்கும் லென்ஸின் ஒரு பாகம்தான். அந்தத் தடிமனைக் கணக்கில் வைத்தே லென்ஸின் வளைவை வரைகிறோம். தடிமன் கொஞ்சம் மாறினாலும் கோளப் பிறழ்ச்சி வரும், அதாவது லென்ஸின் ஓரத்துக் கதிர்களும் நடுக் கதிர்களும் ஒரே இடத்தில் குவியாது. அது என்.ஏ.வின் நான்காம் படியில் வளரும். இரண்டடுக்கு ப்ளூ-ரேயில் ஒரு அடுக்கு 100 மைக்ரான் ஆழத்தில், இன்னொன்று 75இல். இந்த 25 மைக்ரானுக்காகவே கொலிமேட்டர் லென்ஸை (லேசர் ஒளியை இணைகதிராக்கும் லென்ஸ்) முன்னும் பின்னும் நகர்த்துகிற ஏற்பாடு வேண்டியிருக்கிறது. ஃபோகஸ் ஆழமும், அதாவது புள்ளி கலங்காமல் லென்ஸ் விலகக்கூடிய தூரமும், சிடியில் கூட்டல் கழித்தல் 2 மைக்ரான் என்றால், ப்ளூ-ரேயில் 0.3 மைக்ரான்கூட இல்லை.

ஒரு தடவை ஒரு தொகுதி ஹெட் முழுவதும் சோதனையில் தோற்றது. லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது. லென்ஸை ஒட்டிய, புற ஊதா ஒளியில் இறுகும் பசை, இறுகும்போது ஒரு பக்கமாகச் சுருங்கி, அதைச் சாய்த்துவிட்டது. வட்டமாக இருக்க வேண்டிய புள்ளி திரையில் வால் முளைத்துத் தெரிந்தது. சாய்வால் வரும் இந்தப் பிறழ்ச்சியின் பெயர்தான் கோமா. பசைச் சொட்டுகளை எதிரெதிராக வைத்த பிறகுதான் சரியானது.

கேள்வி: பழைய சிடி பிளேயர் படிக்கவில்லை. ஹெட்டில் இருக்கும் குட்டி ப்ரீசெட்டைத் திருகலாமா?

வேண்டாம். அது லேசர் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. கூட்டினால் இரண்டு நாள் படிக்கும், அப்புறம் லேசரை உண்டாக்கும் டயோடு போய்விடும். முதலில் லென்ஸை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாகத் துடையுங்கள். அசிட்டோன் கூடாது, பிளாஸ்டிக் லென்ஸ் பாழாகும்.

கேள்வி: டிவிடி பிளேயரில் அந்த ப்ரீசெட்டைக் கொஞ்சமாகத் திருகினால்?

மேலே சொல்லிவிட்டேன். திருகாதீர்கள்.

கேள்வி: புது ஹெட் மாற்றினேன், லேசரே எரியவில்லை.

ஹெட்டின் ஃப்ளெக்ஸ் (வளையும் பட்டைக் கேபிள்) அருகே ஒரு சின்ன ஈயப் பொட்டு இருக்கிறதா பாருங்கள். நிலைமின்சாரம் டயோடைக் கொல்லாமல் இருக்க, தொழிற்சாலையில் இரண்டு முனைகளையும் இணைத்துத்தான் அனுப்புவார்கள். பொருத்திய பிறகு அதை எடுக்க வேண்டும். எரிகிறதா என்று லென்ஸுக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். ப்ரீசெட்டையும் தொடாதீர்கள்.

கேள்வி (வாசகர் ஒருவர்): தகவல் அடுக்குக்கு மேலே டிவிடியின் 0.6 மி.மீ. பிளாஸ்டிக் தடிமனை அப்படியே வைத்த, ப்ளூ-ரேயின் போட்டித் தட்டான ஹெச்டி டிவிடிதான் நல்ல பொறியியல். டிவிடி ஆலைகளே போதுமாக இருந்தன. ப்ளூ-ரேயின் 0.1 மி.மீ. என்பது வீண் பிடிவாதம்.

ஆலைகள் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் தட்டு சாயும்போது வரும் கோமா, தடிமனோடும் என்.ஏ.வின் மூன்றாம் படியோடும் கூடும். 0.85 என்.ஏ.வை 0.6 மி.மீ. பிளாஸ்டிக்கோடு வைத்தால் ப்ளூ-ரேயைவிட ஆறு மடங்கு கோமா. அதனால்தான் ஹெச்டி டிவிடி 0.65இல் நின்றது. அதன் விலைதான் 25க்குப் பதில் 15 ஜிபி.

அவரே மறுபடியும்: கீறல், தூசி? அதைச் சொல்லாமல் விடுகிறீர்களே.

சரியான அடி, ஒப்புக்கொள்கிறேன். டிவிடியின் மேற்பரப்பில் ஒளி ஏறக்குறைய அரை மி.மீ. அகலத்தில் நுழைகிறது. ப்ளூ-ரேயில் அது எட்டில் ஒரு பங்கு மி.மீ.தான். அதே தூசி அங்கே பெரிய பங்கை மறைத்துவிடும். 2003இல் வந்த முதல் ப்ளூ-ரே பதிவுத் தட்டுகள் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து வந்ததும் அதனால்தான். பிறகு கெட்டியான மேல்பூச்சு வந்து உறை தேவையில்லாமல் போனது. கீறலைப் பூச்சு தாங்கும். சாய்வுக்கு அப்படி ஒரு பூச்சு கிடையாது. 2008இல் தோசிபா ஹெச்டி டிவிடியிலிருந்து விலகியதற்கு வியாபாரக் காரணங்கள் நிறைய, நான் பேசுவது ஒளியியல் மட்டும்.

கேள்வி: இப்போது ஹார்ட் டிஸ்க்கிலும் லேசர் வருகிறதாமே?

ஆமாம். சீகேட் 2024இல் அறிவித்த 30 டிபி டிஸ்க்கில் லேசர்தான் எழுதும் இடத்தைச் சூடாக்குகிறது. அலைநீளத்தைவிட மிகச் சின்ன இடத்தில் ஒளியைக் குவிக்கிற உலோக ஆன்டெனா அதில் இருக்கிறது. மேலே நான் போட்ட வகுத்தல் கணக்கு அங்கே செல்லாது. மேற்கொண்டு காந்தப் பதிவில் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.