காட்ஸில்லா மைனஸ் ஒன்ங்கிற ஜப்பான் படத்த பாத்துட்டு ஏன் இத்தன பேர் அழுதேன்னு சொல்றாங்க?

காரணம் காட்ஸில்லா இல்லங்க, ஹீரோ கோய்ச்சிதான். ரெண்டாம் உலகப்போர் முடியப்போற நேரத்துல, தற்கொலைப்படை விமானியான அவன், பிளேன் ரிப்பேர்னு பொய் சொல்லி ஒரு தீவுல இறங்கிடுறான், உயிரோட திரும்பி வந்த குத்த உணர்ச்சி அவன தூங்கவே விடாது. டோக்கியோவோட கின்ஸா பகுதிய காட்ஸில்லா தாக்குற சீன்ல, அவன்கூட வாழுற நோரிகோ அவன சந்துக்குள்ள தள்ளிவிட்டுட்டு வெடிப்புக் காத்துல அடிச்சிட்டுப் போயிடுவா, அப்புறம் கருப்பு மழை பெய்யும், அதுல நின்னு அவன் கத்துவான் பாருங்க, ஹிரோஷிமா ஞாபகம் வராம இருக்கவே இருக்காது.

கிராஃபிக்ஸுக்கு 35 பேர் டீம், 610 ஷாட், 2024ல அதுக்கு ஆஸ்கர், எல்லாமே பெரிய விஷயந்தான். ஆனா எனக்கு, உயிர நாம ரொம்ப மலிவா நடத்திட்டோம்னு காட்ஸில்லாவ அழிக்கத் திட்டம் போடுற நோடா, அதுக்காகக் கூடின முன்னாள் கடற்படைக்காரங்க முன்னாடி பேசுற இடத்துலதான் கண்ணு கலங்கிடுச்சு.