15,000 ரூபாய் இருக்கிறது, பெர்சியன் பூனை வாங்கலாமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு வருடமாக பெர்சியன் பூனை வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். சீட்டுப் பணம் 15,000 ரூபாய் கையில் இருக்கிறது. கடையில் குட்டி 18,000 என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் 7,000க்கே தருகிறேன் என்கிறார். மாதம் 2,000 வரை எங்களால் செலவு செய்ய முடியும். நாங்கள் சைவம். பால், தயிர்சாதம் கொடுத்து வளர்த்துவிடலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, 7,000ஆ 18,000ஆ என்பதை விடுங்கள். மாதம் 2,000 என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. குட்டியின் விலை ஒரு தடவையோடு முடிந்துவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பெர்சியன் 12 வருடம், 15 வருடம் கூட இருக்கும். உங்கள் மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகும் அது உங்கள் மடியில்தான் படுத்திருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாலு கிலோ எடையுள்ள பூனை ஒரு நாளைக்கு 50, 60 கிராம் உலர்ந்த கேட் ஃபுட் சாப்பிடும். மாதத்துக்குச் சுமார் 1.7 கிலோ. சுமாரான நல்ல தீவனம் கிலோ 600லிருந்து 900 வரை விற்கிறது. அது மலம், சிறுநீர் கழிக்கும் தட்டில் போடுகிற மண்ணுக்கு (கேட் லிட்டர் என்பார்கள்) மாதம் இன்னொரு 600. இந்த இரண்டும் சேர்ந்தே உங்கள் 2,000ஐ நெருங்கிவிடும். அப்புறம் பூச்சி மருந்து, வருடா வருடம் தடுப்பூசி, ஷாம்பு. தஞ்சாவூர் வெயிலில் அவ்வளவு முடியோடு இருக்கிற பூனைக்கு சித்திரை, வைகாசியில் குளிர்ந்த அறை வேண்டும். கரண்ட் பில் ஏறும். என் வீட்டில் மாதம் 3,000க்குக் குறைந்ததே இல்லை. வருடத்துக்கு 36,000. 12 வருடத்துக்கு, இன்றைய விலையிலேயே 4,32,000.

தயிர்சாதம் மட்டும் போட்டு வளர்க்க முடியாது. பூனையின் உடம்பு அப்படி. டாரின் என்ற சத்தை அதனால் தேவையான அளவு தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் மெல்ல மெல்லப் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். கடைத் தீவனத்திலேயே டாரின் போதாமல் பூனைகளுக்கு இதய நோய் வருகிறது என்று 1987இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். தீவனக் கம்பெனிகள் டாரினின் அளவைக் கூட்டியது அதற்குப் பிறகுதான். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். பெர்சியனுக்கு வயிற்றால் போனால் பின்னங்கால் முடியெல்லாம் ஒட்டிக் காய்ந்துவிடும். பாக்கெட் தீவனம் வாங்கினால் நீங்கள் சமைக்க வேண்டியதில்லை. ஆனால் மீன் வாடை வீட்டுக்குள் வரும். பெரியவர்கள் இருந்தால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

7,000 ரூபாய்க் குட்டி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நானும் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒன்றை வாங்கினேன். இரண்டு மாதக் குட்டி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் அதற்குத் தட்டில் வைத்ததைத் தின்னவே தெரியவில்லை. மருத்துவர் பல்லைப் பார்த்துவிட்டு, "ஐந்து வாரம் இருந்தால் அதிகம்" என்றார். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்தது எவ்வளவு பாவம்! காதோரத்தில் பட்டாணி அளவு முடி கொட்டி, செதில் செதிலாக இருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பத்தாம் நாள் என் பையனின் முழங்கைக்கு உள்பக்கம் வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து நின்றது. படர்தாமரை. பெர்சியன் பூனைகளுக்கு அது எளிதில் வரும், அப்படியே பிள்ளைகளுக்கும் ஒட்டும். பூனைக்கு மருந்து, பையனுக்கு மருந்து, தினமும் படுக்கை விரிப்பை வெந்நீரில் அலசுவது என்று மூன்று மாதம் ஓடியது. மிச்சம் பிடித்த பணத்தைப் போல இரண்டு மடங்கு அதிலேயே போய்விட்டது.

18,000 கொடுத்தாலும் எதற்குக் கொடுக்கிறோம் என்று கேட்க வேண்டும். ஜாதிப் பூனை என்றால் தாய், தகப்பன், பாட்டன் பெயரெல்லாம் பூனை வளர்ப்பவர்கள் சங்கத்தில் பதிந்த சான்றிதழ் இருக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் அது கிடையாது. முகம் எவ்வளவு தட்டையோ அவ்வளவு விலை ஏற்றுகிறார்கள். பஞ்ச் ஃபேஸ் என்று சொல்லி அதிகம் வாங்குகிற குட்டிக்குக் கண்ணில் எப்போதும் நீர் வழியும், மூச்சு விடவும் சிரமப்படும். அந்தச் சிரமத்துக்குப் போய்க் கூடுதலாகப் பணம் கொடுக்க எனக்கு மனம் ஒப்பாது. அதோடு, இந்த இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் உண்டு. தாய், தகப்பனில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வர வாய்ப்பு. அதற்குக் காரணமான மரபணுவை 2004இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், பரிசோதனையும் இருக்கிறது. "தாய்ப் பூனைக்கு ஸ்கேன் எடுத்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். தாயையே காட்ட மறுப்பவரிடம் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

பணத்தைத் தாண்டி இன்னொன்றும் இருக்கிறது. தினமும் கால் மணி நேரம் சீவ வேண்டும். நாலு நாள் விட்டால் போதும், முன்னங்கால் இடுக்கில் முடி கம்பளி மாதிரி சிக்குப் பிடிக்கும். அது தோலை இழுத்து வலிக்கும், பூனை நடையே மாறிவிடும். மகள் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. சீப்பு உங்கள் கைக்குத்தான் வரும். உங்களுக்கு அதற்கு நேரம் இருக்கிறதா?

கடிதத்தைப் படித்தவரையில், இப்போது பெர்சியன் வேண்டாம் என்றுதான் சொல்வேன். மகளுக்குப் பூனை வேண்டும் என்ற ஆசை நியாயமானது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஒரு நாட்டுப் பூனைக் குட்டியை எடுத்து வளருங்கள். நம் வெயில் அதற்குப் பழக்கம், குளிர்ந்த அறை, ஷாம்பு என்ற செலவெல்லாம் இல்லை, மாதம் 2,000க்குள் சமாளித்துவிடலாம். எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, ஆறு மாதம் நெருங்கும்போது கருத்தடை ஆபரேஷன். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தானே, அங்கேயே விசாரியுங்கள். எல்லாம் செய்தாலும் அந்த 15,000இல் பாதிக்கு மேல் மிஞ்சும். அதைத் தொடாமல் பூனைக்கென்று தனியாக வைத்துவிடுங்கள். ஆண் பூனையாக இருந்து, மண்ணில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கு ராத்திரியே தூக்கிக்கொண்டு ஓட அந்தப் பணம் வேண்டும்.