அப்பா ஏன் வாசலில் நின்றார்?

கேள்வி: நான் கிளிநொச்சியில் வளர்ந்தவள், இப்போது வவுனியாவில் ஆசிரியையாக இருக்கிறேன். சிறுவயதில் எங்கள் நகரில் ஒரு புத்தகசாலை இருந்தது. பாடசாலை விட்டதும் அங்கே போய் நின்றபடியே கதைப்புத்தகங்கள் வாசிப்பேன். கடைக்கார ஐயா ஒருநாளும் ஏசியதில்லை. 2008 இல் இடம்பெயர்ந்தபோது கடையும் போய்விட்டது. இப்போது பரந்தனில் அதே பெயரில் திறந்திருக்கிறார்கள் என்று அறிந்து, ஊருக்குப் போனபோது அப்பாவின் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். பெரிய ஏமாற்றம். கண்ணாடிக் கதவு, கண்ணைக் கூசும் விளக்கு, முன்பக்கம் முழுவதும் வினாத்தாள் தொகுப்புகளும் கொப்பிகளும். கதைப்புத்தகங்களுக்கு ஒரே ஒரு தட்டு. மகன்தான் வியாபாரத்தைப் பார்க்கிறார். ஐயா ஒரு கதிரையில் இருந்தார், என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் யாரென்று சொல்லவில்லை. அப்பா உள்ளே வராமல் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். ஐயாவிடம் அப்பாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. என் உயர்தரப் புத்தகங்களை அதில்தான் எடுத்தோம், அறுவடை முடியத் தீர்ப்பார். அதெல்லாம் போரோடு போய்விட்டது. வந்ததிலிருந்து மனம் கனக்கிறது. நான் நேசித்த கடை இனி இல்லை என்று நினைத்து, அந்தப் பக்கம் போகாமல் விடுவதுதான் நல்லதா?
— வாசகி, வவுனியா

பதில்: பழைய இடத்துக்குத் திரும்பிப் போனேன், அது பழைய இடமாக இல்லை என்று எழுதுபவர்கள் பலர். ஒருவருக்குப் பாடசாலை, இன்னொருவருக்குக் கோயில் வீதி, உங்களுக்குப் புத்தகசாலை. உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் வாசித்துக்கொண்டு போனேன், வேப்பமரம் வரும்வரை.

அப்பா ஏன் உள்ளே வரவில்லை, பிள்ளை? அவர் மரத்தடியில் நின்றதை ஒரு வரியில் சொல்கிறீர்கள். அடுத்த வரியிலேயே கணக்கைச் சொல்கிறீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது நீங்கள்தான். பிறகு "போரோடு போய்விட்டது" என்று மூடிவிட்டு, விளக்கு கண்ணைக் கூசியதைப் பற்றி என்னிடம் முறையிடுகிறீர்கள். கணக்கு எழுதிய கொப்பி போயிருக்கும். கடன் எங்கே போனது? அது தீர்ந்துவிட்டதென்று உங்கள் அப்பா நம்பியிருந்தால், மகளை உள்ளே அனுப்பிவிட்டுத் தான் வெளியே நின்றிருக்க மாட்டார். அவர் நினைவில் அந்தக் கொப்பி பத்திரமாக இருக்கிறது.

அது எந்தக் காலத்துக் கடன் என்பதையும் நீங்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. 2006 ஓகஸ்டில் கண்டி–யாழ்ப்பாண ஏ9 வீதி மூடப்பட்டது. யாழ்ப்பாணப் பக்கம் முகமாலைச் சோதனைச் சாவடி வழி அடைபட்டுவிட்டது. தெற்கிலிருந்து எது வருவதென்றாலும் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் வரவேண்டும். எரிபொருளுக்கும் பற்றரிக்கும் மருந்துக்கும் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் ஒரு புத்தகம் விற்றுப்போனால் அந்த இடத்தில் வைக்க இன்னொன்று எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியாது. கையில் காசு வைத்திருந்தவர்களுக்கு அவர் அதை விற்றிருக்கலாம். வயலை நம்பியிருந்த ஒரு மனிதரின் மகளுக்குக் கணக்கில் எழுதிக் கொடுத்தார். நீங்கள் பரீட்சை எழுதி ஆசிரியையானது அந்தப் புத்தகங்களைப் படித்துத்தான்.

நீங்கள் இடம்பெயர்ந்த 2008 இல் விதைத்த காலபோக நெல்லை, அந்த மாரிகால விளைச்சலை, கிளிநொச்சியில் எத்தனை பேர் அறுத்தார்கள்? விதைத்தவர்கள் கூரைத் தகரத்தையும் கதவு நிலையையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போய்க்கொண்டிருந்தார்கள். 2009 ஜனவரி 2 ஆம் திகதி நகரம் இராணுவத்திடம் போனது. அறுவடை முடியத் தருவேன் என்றவருக்கு அறுவடையே வரவில்லை. அது உங்கள் அப்பாவின் குற்றமில்லை. ஐயாவின் குற்றமும் இல்லை. அவரும் கடையைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியாது. அரிசிச் சாக்கு ஏற்றுவதா, புத்தகக் கட்டு ஏற்றுவதா என்று நிற்கும் குடும்பம் எதை ஏற்றும்? இரண்டு பக்கமும் இழப்புத்தான். அதற்காகக் கணக்கு சரியாகிவிட்டது என்று தீர்மானிக்கும் உரிமை வாங்கியவருக்கு இல்லை. கொடுத்தவர் மட்டும்தான் அதைச் சொல்லலாம். அவரிடம் நீங்கள் கேட்கவே இல்லை.

ஐயா உங்களை அடையாளம் காணவில்லை என்ற வருத்தத்துக்கு வருகிறேன். அவர் கடைசியாகப் பார்த்தது சீருடை அணிந்த ஒரு பெண்பிள்ளையை. இன்று வந்து நின்றது ஒரு ஆசிரியை. எங்கள் ஊர்களில் வயதானவர்கள் முகத்தைப் பார்த்து ஆளைப் பிடிப்பதில்லை, "யாருடைய பிள்ளை?" என்று கேட்டுத்தான் பிடிப்பார்கள். நீங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லியிருந்தால் ஐயா கதிரையிலிருந்து எழுந்திருக்கக்கூடும். சொல்லவில்லை. அப்பாவின் பெயரைச் சொன்னால் கணக்கும் கூட வரும் என்ற பயம் உங்களுக்கும் இருந்தது. அப்பா வெளியே ஒளிந்தார், நீங்கள் உள்ளே ஒளிந்தீர்கள். மனம் கனக்காமல் என்ன செய்யும்?

கடையைப் பற்றிய உங்கள் குறையில் எனக்குக் கோபம்தான் வருகிறது. 1980 முதல் சாதாரண தரம் வரையான பாடநூலை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது. புத்தகக் கடைக்காரர் அடுப்பு எரிவது கொப்பியாலும் வினாத்தாளாலும்தான். 2022 இல் காகிதம் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்தார்கள். ரூபாய் விழுந்த வேகத்தில் இந்தியாவிலிருந்து வரும் நாவல்களின் விலை எங்கேயோ போய்விட்டது. இவ்வளவுக்குப் பிறகும் அந்த மகன் கதைப்புத்தகத்துக்கென்று ஒரு தட்டை ஒதுக்கியிருக்கிறார். நீங்கள் அதிலிருந்து ஒன்றாவது வாங்கினீர்களா? வாங்கியதாகக் கடிதத்தில் இல்லை.

பெற்றவர்களின் கடன் பிள்ளைகளுக்கு உண்டு என்று நினைக்கிறவள் நான். சட்டம் என்ன சொன்னாலும் சரி. உங்கள் படிப்புக்காக அவர் வாங்கிய கடன் என்றால் அதில் பேச்சே இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வன்னியில் என்னைப் போன்ற பலர் கொடுக்கவேண்டியதைக் கொடுக்க ஆள் இல்லாமல் இருக்கிறோம். அரிசி தந்தவர், பதுங்குகுழியில் இடம் விட்டவர், பிள்ளையைத் தூக்கிவந்தவர் என்று பலர் முள்ளிவாய்க்காலுக்கு அப்பால் வரவில்லை. அவர்களுடைய பெயரைச் சொல்லி விளக்கேற்றுவதைத் தவிர எங்களால் ஒன்றும் முடியாது. உங்களுக்குத் தந்தவர் பரந்தனில் உயிரோடு கதிரையில் இருக்கிறார். அந்தப் பக்கம் போகாமல் விடலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்!

போங்கள். முதலில் வீட்டில் அப்பாவோடு தனியே இருந்து பேசுங்கள். உங்கள் கணவருக்கோ சகோதரர்களுக்கோ முன்னால் வேண்டாம். எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள், அவருக்கு ரூபாய்க் கணக்கில் நினைவிருக்கும். அன்றைய தொகைக்கு இன்று என்ன பெறுமதி என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம், அது ஐயா சொல்லவேண்டியது. காசு உங்களுடையதாக இருக்கட்டும், கொடுப்பது அப்பாவின் கையாக இருக்கட்டும். மகனிடம் கொடுத்துவிட்டு வருவதும் வங்கியில் போடுவதும் இதற்குச் சரிவராது. ஐயா பெரும்பாலும் "விடுங்கோ" என்பார். அந்த ஒரு சொல்லோடு திரும்பிவிடாதீர்கள், இன்னொரு முறை நீட்டுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் அது அவருடைய பெருந்தன்மை, ஏற்றுக்கொள்ளுங்கள். அப்போது அந்தக் காசுக்கு அங்கேயே கதைப்புத்தகங்கள் வாங்கி உங்கள் வகுப்பறையில் வையுங்கள்.

அப்பா வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் நீங்கள் தனியே போங்கள், ஆனால் வாசலில் வைத்தே அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே போங்கள். புதிய தவணை தொடங்கும் வாரத்தில் வேண்டாம், பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒரு சாதாரண நாளில், பின்னேரம் போவது நல்லது.