தண்ணீர் கேட்காத தோட்டம்

கேள்வி: வீட்டின் பின்புறம் ஆறடிக்கு ஐந்தடி இடம் இருக்கிறது. புல் வளர்த்தேன்; தண்ணீர் ஊற்றி மாளவில்லை, காய்ந்துவிட்டது. ஜப்பானியர்களைப் போல் கல்லும் மணலுமாக ஒரு தோட்டம் அமைக்க ஆசை. ஆற்று மணல் போதுமா? வெள்ளைக் கூழாங்கற்களை நிறையத் தூவலாமா? ஓரத்தில் என்ன செடி வைக்கலாம்?

பதில்: ஆற்று மணல் வேண்டாம், சகோதரி. நானும் அதில்தான் தொடங்கினேன். ஜப்பானியத் தோட்டங்களில் மணல்மேல் இழுப்பார்களே, அதுபோலக் காலையில் அலை அலையாகக் கோடு இழுத்துவிட்டு வருவேன்; சாயங்காலக் காற்றுக்கே பாதி அழிந்திருக்கும். ஒரு மழை பெய்தால் மொத்தமும் போச்சு. ஆற்று மணலின் துகள் உருண்டை, சரிந்துவிடும். உடைத்த கல்லுக்கு முனைகள் இருப்பதால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். ஜப்பானின் கியோட்டோ நகரக் கோயில்களின் புகழ்பெற்ற தோட்டங்களில் நாம் மணல் என்று நினைப்பதும் கிரானைட் பொடிக்கல்தான். 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையிலான பொடி ஜல்லியைச் சலித்து, தூசி போகக் கழுவிப் போடுங்கள். கழுவாவிட்டால் நாளடைவில் இறுகிவிடும். கூழாங்கல்லில் கோடு விழாது. பளிச்சென்ற வெள்ளையும் வேண்டாம், உச்சி வெயிலில் கண் கூசும். சாம்பல் நிறம் நல்லது.

ஆனால் இந்தத் தோட்டத்தின் உயிர் பெரிய கற்களில் இருக்கிறது. கியோட்டோவின் ரியோஆன்ஜி கோயிலில் 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒன்றாவது மறைந்திருக்கும். உங்கள் இடத்துக்கு மூன்று போதும், மூன்றும் ஒரே இனக் கல்லாக இருக்கட்டும். ஒன்று உயரம், ஒன்று சாய்வு, ஒன்று தரையோடு படுத்தது. நட்டநடுவே வேண்டாம், ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். கல்லைத் தரைமேல் வைத்தால் யாரோ இறக்கிப் போட்டுவிட்டுப் போனதுபோல் இருக்கும். குழி தோண்டி, மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போகும்படி நட்டு, சுற்றிலும் மண்ணை இடித்து இறுக்குங்கள். என் உயரக் கல்லை நான்கு முறை பிடுங்கி நட்டேன். ஒவ்வொரு முறையும் சமையலறை ஜன்னலுக்குப் போய்ப் பார்ப்பேன், தினமும் பார்க்கப்போவது அங்கிருந்துதானே. நான்காவது முறை இன்னும் ஒரு சாண் கீழே இறக்கியதும், அங்கேயே பிறந்த கல்லாகத் தெரிந்தது. அன்று மனம் அப்படி நிறைந்தது!

கல்லை நட்ட பிறகே மற்றது. பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண்ணை எடுத்து, புல் வேரையும் பொறுக்கிவிட்டு, நீர் இறங்கும் களைத்தடுப்புத் துணியை விரியுங்கள். நான் முதலில் பிளாஸ்டிக் தாள் விரித்ததில், மழைநீர் தேங்கிக் கொசு வந்தது. துணிமேல் ஐந்து சென்டிமீட்டர் பொடிக்கல். உங்கள் இடத்துக்கே 200 கிலோவைத் தாண்டும். ஆகவே மாடியில் அமைக்க நினைப்பவர்கள் தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம்.

செடி விஷயத்தில் கையை அடக்குங்கள். ஓரமாக ஒரு கற்றாழை, ஒரு சின்னக் கள்ளி. வேர் பிடித்த பிறகு, மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் நீர். ஜப்பானியத் தோட்டங்களில் கல்லடியில் பாசி அழகாக இருக்கும், ஆனால் அதற்கு ஈரம் வேண்டும், உங்களுக்குச் சரிவராது.

தண்ணீர் வேலை குறையும், கைவேலை இருக்கும். விழுந்த இலையை அன்றன்றே பொறுக்குங்கள்; மக்கினால் அதிலேயே களை முளைக்கும். கோடு போட, இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் பல் வைத்த மரச்சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். முதலில் கற்களைச் சுற்றி வட்டம், பிறகு நேர்கோடு. பின்னால் நடந்துகொண்டே இழுங்கள், கால்தடம் விழாது.