நான்கு வயதுக் குழந்தைக்கு 'புளூயி' காட்டலாமா? அதன் நிறை குறை என்ன?

தாராளமாகக் காட்டலாம். 2018-ல் ஆஸ்திரேலியாவின் ஏபிசி கிட்ஸ் என்ற சிறுவர் தொலைக்காட்சியில் தொடங்கிய கார்ட்டூன் இது. பிரிஸ்பேனில் வாழும் ஒரு நாய்க் குடும்பம்: அப்பா பேண்டிட், அம்மா சில்லி, மகள்கள் புளூயி, பிங்கோ. ஓர் அத்தியாயம் ஏழு நிமிடம்தான்.

இதன் பெரிய பலம், பாடம் நடத்தாமல் கதை சொல்வது. கேமராவைப் பார்த்து 'இது என்ன நிறம்?' என்று யாரும் கேட்பதில்லை. குழந்தைகள் விளையாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், அதற்குள்ளேயே விட்டுக்கொடுக்கவும் பழகுகிறார்கள். 'ஸ்லீப்பிடைம்' அத்தியாயத்தை அவசியம் பாருங்கள். அன்றிரவு தன் கட்டிலிலேயே தூங்கி எழ வேண்டும் என்பது பிங்கோவின் ஆசை. கனவில் கிரகங்களுக்கு நடுவே மிதக்கிறாள். பின்னணியில் ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'வியாழன்' இசை. அம்மாவின் கதகதப்பு அங்கே சூரியனாக வருகிறது. வசனம் மிகக் குறைவு, ஆனாலும் குழந்தைக்குப் புரிந்துவிடும்.

சரி, குறை? பேண்டிட் கூப்பிட்ட நேரமெல்லாம் விளையாட வந்துவிடுகிறார். வேலை முடித்துக் களைத்து வரும் பெற்றோருக்கு இது வீண் குற்ற உணர்ச்சியைத் தரும். வீடும் வசதியானது, பணக் கவலை கதையில் அநேகமாக இல்லை. 'எக்சர்சைஸ்' அத்தியாயத்தில் பேண்டிட் எடை பார்த்துவிட்டுத் தொப்பையைப் பிடித்து வருந்தும் காட்சி விமர்சிக்கப்பட்டு, 2023-ல் திருத்தப்பட்டது. அது நல்ல முடிவு என்பேன்.

இன்னொன்று, இவர்களின் விளையாட்டுகளை உங்கள் குழந்தையும் உடனே கேட்கும். அதனால் முதல் சில அத்தியாயங்களையாவது கூடவே உட்கார்ந்து பாருங்கள்.